என்ன

தமிழுக்கு இரண்டை அழுத்துகிறவர்களுக்கெல்லாம்
நான்தான் அந்த இரண்டு.
காலை ஏழிலிருந்து மூன்று வரை
ஒரு வங்கியின் தொலைபேசிக்குள் இருக்கிறேன்.
தொலைந்த அட்டை, விழாத சம்பளம்,
யாரோ ஒருவரின் செத்த தகப்பனின் கணக்கு.
அதற்குப் பிறகு எவரோடும் கதைக்கத்
தொண்டையில் ஒன்றும் மிச்சமிராது.

அதனால் பெத்தகான.
டிக்கட் கிழித்தவருக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.
பலகைப் பாதை, கீழே தேயிலைச் சாயத்தில் தண்ணீர்,
முழங்கால்வரை சேற்றில் நிற்கும் வெல்-அத்தா மரங்கள்.
ஒரு கபரகொய்யா என்னைப் பார்த்தது,
ஒன்றும் கேட்கவில்லை,
போய்விட்டது.
இலைகளுக்கு அப்பால், எங்கோ,
ஒரு கிரேன் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

வளைவில் அவர்கள்.
ஒரு மனிதர், கையில் வெற்றுக் கூடு,
அதன்மேல் பூப்போட்ட தலையணை உறை.
நீலக் காற்சட்டையோடு ஒரு பெடியன்,
பப்பாசிக் கீற்றின் சாறு முழங்கைவரை வழிந்திருந்தது.
இருவரும் மேலே பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன். இலைதான்.

"மிஸ்," என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.
பிறகு சிங்களத்தில், இவ்வளவு:
மைனா. நேற்றுக் கூட்டைக் கழுவும்போது பறந்தது.
வளர்ப்பது சட்டத்துக்குச் சரியில்லை, தெரியும்.
காவலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.
எங்கள் குரலுக்கு வராது,
பெண்குரலுக்குத்தான் வரும்.

"அது அம்மாவின் குரலில் கதைக்கும்," என்றான் பெடியன்.
அம்மா குவைத்தில். மூன்று வருடம்.
போனில் அவள் குரலைப் போட்டுப் பார்த்தார்களாம்.
மைனா போனைச் சட்டைசெய்யவில்லை.
இப்போது போனிலும் சார்ஜ் இல்லை.

எப்படிக் கூப்பிட வேண்டும்? கேட்டேன்.
"என்ன," என்றார்.
எனக்குக் கேட்கவில்லையாக்கும் என்று
மறுபடி கேட்டேன்.
"என்ன."
பிறகுதான் உறைத்தது, அதுதான் சொல்.
அவர்களுக்கு அது "வா."
நாற்பது வருடம் இந்த நகரத்தில்
இரண்டு பாஷையையும் ஒரே வாயால் கதைக்கிறேன்,
ஒன்றை மற்றதன் பக்கத்தில்
ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை.

கூப்பிட்டேன். வங்கிக் குரல்தான் வந்தது.
மைனாவுக்கு எந்த இலக்கத்தையும் அழுத்தத் தெரியாது.
"அப்படியில்லை," என்றான் பெடியன்.
"புதே, என்ன. கடைசியை இழுக்க வேண்டும்.
சோறு ஆறிப்போகிற மாதிரி."

இழுத்தேன்.
எனக்குப் பிள்ளைகள் இல்லை.
சோறு ஆறுகிறதென்று
யாரையும் நான் இழுத்துக் கூப்பிட்டதில்லை.
புதே, என்ன.
அவர்களுக்கு, மகனே வா.
என் காதில் மட்டும்,
மகனே, என்ன? மகனே, என்ன?

மூன்றாவது மரமோ நான்காவதோ,
உள்ளிருந்து ஒரு பெண் பதில் சொன்னாள்.
அதே இழுப்பு. கொஞ்சம் எரிச்சல்.
முடிவில் ஒரு சின்ன இருமல்.
இருமலையும் வைத்திருந்தது அது.

பப்பாசி தண்ணீரில் விழுந்தது. மீன்கள் வந்தன.
கூட்டுக் கதவைத் திறந்து பிடித்திருந்த தகப்பன்
மரத்தைப் பார்க்கவில்லை,
மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது இறங்கவில்லை.
இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டேன்.
இரண்டு தரமும் குவைத்துக்குப் போனவள்
மரத்துக்குள்ளிருந்து எங்களை வரச் சொன்னாள்.
எங்களால் போக முடியவில்லை, நடுவில் தண்ணீர்.

காவலாளி விசில் ஊதினார்.
வாசலில் அவர் கூட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்,
வெற்றுக் கூட்டைக்கூட.
நாளைக்கும் வருவீர்களா என்று பெடியன் கேட்டான்.
நான் என்ன சொன்னேனென்று நினைவில்லை.
பெயர்களைக் கேட்கவில்லை.
பறவைக்கும் ஒன்று இருந்திருக்கும்.

மறுநாள் ஏழு மணி ஐந்து நிமிடம்.
யாரோ இரண்டை அழுத்திவிட்டுப்
பேசாமல் இருந்தார்.
மூச்சு மட்டும் கேட்டது, பின்னால் ஒரு பஸ்.
சொல்ல வேண்டிய வாசகம்
கண்முன்னே ஒட்டியிருக்கிறது.
நான் "என்ன" என்றேன்.
கொஞ்சம் இழுபட்டுவிட்டது.